பூமுடிகள் எந்த இனம்

மே 14, செவ்வாய்

சோளகக் காற்று பிடித்துவிட்டது. தலைமன்னார் இறங்குதுறை முழுக்க மணல். சுங்க மேசையைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது. கப்பலும் பிந்தித்தான் வந்தது.

எருக்கலம்பிட்டி வியாபாரி அசன் நானாவின் பெட்டி. வழக்கமான ஃபான்சிச் சாமான்: வண்ணத்துப்பூச்சிக் கிளிப், நீலக் கண்ணாடி, மினுங்கும் இடுப்புப்பட்டி. அடியில் வெள்ளைப் பூமுடிகள். பிளாஸ்டிக் வளையம், துணிப்பூ, நடுவே போலி முத்து.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஞாயிறு பள்ளிமுனைத் தேவாலயத்தில் முதல் நன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்கும் பெண்பிள்ளைகளுக்காக எல்லாரும் சேர்ந்து நானாவிடம் சொல்லிவிட்டவை. எங்கள் கோயிலில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி முடிதான். படகு வைத்திருக்கும் சம்மாட்டி மகள், கூலிக்காரன் மகள் என்று வித்தியாசம் தெரியக்கூடாது. அதில் ஒன்று என் மகள் மெற்றில்டாவுக்கு.

தலைமயிர்ச் சாமான் என்றால் தீர்வை கட்டிக் கொண்டுபோகலாம். போலி நகை என்றால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் உள்ளே வராது. என் மேலதிகாரி, பெரியவர், மதவாச்சிக்குப் போயிருக்கிறார். தீர்மானம் என் தலையில்.

போலி நகை என்று எழுதினேன். முத்து இருக்கிறதே. மகளுக்காக விட்டான் என்று எவனும் சொல்லக்கூடாது. பூமுடிகளைப் பூட்டி வைத்தேன்.

புதன்

தேங்காய் வாங்க மறந்தேன். மனுசி ரோசலினுக்கு அது ஒரு சாட்டு.

"பிள்ளையளின்ர முடியைப் பிடிச்சு வைச்சிட்டுச் சோறு கேக்கிறியளோ?"

"சட்டம் அப்பிடி."

"சட்டமோ, உங்கட பயமோ?"

குடையைத் தேடுவதுபோல் எழும்பிப் போனேன். குடை சுங்கக் கந்தோரில்.

பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம். தாய் சமாளிக்கிறாள்: "அழாத பிள்ளை, லேஞ்சித் துணியில பூ தைச்சுத் தாறன்." இரவு சோறு இறங்கவில்லை.

வியாழன்

மற்றச் சாமானை எடுக்க நானா வந்தார். நின்று, மெல்லக் கேட்டார்.

"சேர், கோவிக்கப்படாது. போன கிழமை அந்தக் கண்டி அம்மா ஒரு பெட்டி தலைவளையம் கொண்டு வந்தாவே. அதிலயும் முத்துத்தானே? தலைமயிர்ச் சாமான் எண்டு நீங்கதானே விட்டீங்க?"

ஓம், நான்தான். இரண்டாம் முறை பார்க்காமலே விட்டேன். அந்த அம்மாவின் மகளை எனக்குத் தெரியாது. அதனால் கண் ஒழுங்காக வேலை செய்தது. இப்போது கோபம் வந்தது, என்மேல்தான். மகளுக்குச் சலுகை காட்டவில்லை என்று பெயர் எடுக்க, ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் பிழை விட்டிருக்கிறேன்.

தீர்வைப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். முத்தைக் கழற்றினாலும் பூமுடி தலையில் நிற்கும். வளையத்தைக் கழற்றினால் நிற்காது. மயிரைப் பிடிக்கிற சாமான். மாற்றியே தீருவேன்.

வெள்ளி

பெரியவர் வந்தார். முழுவதும் சொன்னேன், மகள் விடயம் உட்பட. ஒரு பூமுடியை எடுத்துத் தன் வழுக்கைத் தலையில் மாட்டினார். சறுக்கி மூக்கில் வந்து நின்றது.

"எனக்குச் சரிவராது. இதுக்கு மயிர் வேணும்." சிரித்தார். பிறகு சிரிக்காமல்: "தம்பி, சனம் கதைக்கும். மாத்தத்தான் வேணுமோ?"

"ஓம் சேர். பிழையெண்டாப் பிழைதான்."

பழையதை வெட்டி எழுதி, பக்கத்தில் என் பெயரை முழுவதாக வைத்தேன். நானா தீர்வை கட்டிப் பின்னேர ரெயிலில் பெட்டியை ஏற்றினார்.

தேத்தண்ணிக் கடையில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "அவற்ர மகளும் இருக்கிறாளல்லோ, விடாமல் என்ன செய்வார்!" சுட்டது. தேத்தண்ணி இல்லை, அந்தச் சொல். கடைசி மிடறு வரை குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

ஞாயிறு

காற்று. சட்டைக்குக் கஞ்சி கூடிவிட்டது, கழுத்தை அறுக்கிறது. கோயில் நிறையச் சனம். சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பிள்ளைகள் இரண்டு வரிசையாகப் பீடத்துக்கு நடந்தார்கள். எல்லாத் தலையிலும் ஒரே பூமுடி. பின்னால் இருந்து பார்க்க, எது என் பிள்ளை என்று தெரியவில்லை.