நான்கு துண்டு இறக்கை

இயேசு மரி சூசை துணை

கிரெனோபிள்
12 பிப்ரவரி 1976

அன்புள்ள ராணிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நெய்னா முகம்மது நம் ஊர்க்காரர்தான். அவரோடு ஒரு நீளப் பெட்டியும் வரும். உள்ளே பால்சா என்கிற மரம், மெல்லிய காகிதம், ஒரு பெரிய வரைபடம் எல்லாம் இருக்கும். பயந்துவிடாதே.

நான் வேலை செய்யும் நாற்காலிப் பட்டறையின் முதலாளிக்குக் கிளைடர் பைத்தியம். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். அதையே ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்து, மலையிலிருந்து எறிந்து, கீழே நின்று ரேடியோவால் திருப்புவார். உடலை அவர் செய்துவிட்டார். இறக்கையை நான் செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். மூன்று தடவை செய்தேன், மூன்றும் கருவாடு மாதிரி முறுக்கிக்கொண்டன. அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மூங்கிலும் காகிதமும் வைத்து நீ கட்டுகிற நட்சத்திரத்தில் ஒரு சுருக்கம் இருக்காதே. கான்வென்டில் தையல் சொல்லிக்கொடுக்கிற கை அல்லவா.

இறக்கை மொத்தம் மூன்று மீட்டர். பெட்டியில் அடங்க வேண்டும் என்பதால் நான்கு துண்டு. இது நன்றாக அமைந்தால் உன்னை இங்கே அழைத்துக்கொள்ள முதலாளி கடிதம் கொடுப்பார். அது இல்லாமல் உன் பேப்பர் நகராது. நீ செய்கிறாய் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். நானே செய்வதாகத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன்
சந்தனசாமி


காரைக்கால்
3 மே 1976

அன்புள்ள அத்தானுக்கு,

பெட்டி வந்தது, கடிதமும் வந்தது. என் சுகத்துக்கு ஒரு வரி, இறக்கைக்கு இருபது வரி. இருக்கட்டும், வெறுங்கையோடு வராமல் ஒரு வரியாவது வந்ததே.

வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மேலே மெழுகுக் காகிதம் போட்டு, குண்டூசி குத்தி வேலை நடக்கிறது. மேசை போய்விட்டதால் தரையில்தான் சாப்பிடுகிறேன். ஐம்பத்திரண்டு விலா வெட்டியாயிற்று. கான்வென்டில் படித்த பிரெஞ்சில் இந்தச் சாமான்களுக்குப் பெயர் இல்லை. அதனால் குறுக்கே நிற்பதை விலா என்றும், அவற்றைக் கோத்துக்கொண்டு நீளமாக ஓடுவதை உத்தரம் என்றும் நானே பெயர் வைத்துக்கொண்டேன். முதல் துண்டின் போட்டோ இதோடு இருக்கிறது.

போன வாரத்தோடு நமக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். எட்டாம் நாள் விமானம் ஏறினீர்கள். கோயில் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, மேரி என்கிற பிரெஞ்சுக்காலத்து நகராட்சி ஆபீசில் பதியவில்லை. "மேரி ஆபீஸ் எங்க ஓடிப்போவுது, அடுத்த தடவ வந்து பாத்துக்கலாம்" என்றீர்கள். அங்கே பதியாதவரை பிரெஞ்சுக்காரர் கணக்கில் நான் உங்களுக்கு யாருமில்லையாம். அந்த ஆபீஸ் கிளார்க் சொன்னார். ஒரு மாத லீவு கேட்டுப் பாருங்களேன்.

உங்கள் அன்பு மனைவி
அமலராணி


கிரெனோபிள்
20 ஜூலை 1976

ராணிக்கு,

போட்டோ பார்த்தேன். பதினோராம் விலா சாய்ந்திருக்கிறது. பிரித்துவிட்டு முதலிலிருந்து செய். நம் ஊர் அரைகுறை வேலை இங்கே செல்லாது. ஒரு விலாவை நேராக நிறுத்தத் தெரியாதவளைக் கூட்டிவந்து நான் எங்கே நிறுத்துவது? ஏற்கெனவே உன் நிறத்துக்கும் உன் பிரெஞ்சுக்கும் நான்தான் இங்கே பதில் சொல்ல வேண்டும்.

கவனமாகக் கேள். இறக்கை நுனியில் பின்விளிம்பு நாலு மில்லிமீட்டர் தூக்கி நிற்க வேண்டும். காகிதம் ஒட்டிக் காய்கிறவரை அடியில் ஒரு மரச் சீவல் கொடுத்து வை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக வேண்டும். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் ஐந்து என்றால் கிளைடர் சுழன்று விழும். முதலாளி கண்ணெதிரே அது விழுந்தால் என் வேலை போகும், உன் பேப்பரும் போகும்.

கான்வென்ட் வேலையை விட்டுவிடு. இரண்டையும் சேர்த்துச் செய்ய உன்னால் ஆகாது. ஈஸ்டருக்குள் இங்கே இருப்பாய். லீவெல்லாம் இப்போது கிடைக்காது.

சந்தனசாமி


காரைக்கால்
5 டிசம்பர் 1976

அன்புள்ள அத்தானுக்கு,

நான்கு துண்டும் முடிந்தன. நெய்னா முகம்மது காக்கா வீட்டார் இந்த மாதக் கடைசியில் கிளம்பும்போது எடுத்துவருவார்கள்.

நீங்கள் சொன்னபடி முதல் துண்டைப் பிரித்தேன். பதினோராம் விலா நேராகத்தான் இருந்தது. போட்டோக்காரர் கோணலாக நின்று எடுத்திருக்கிறார். ஆனாலும் பிரித்தேன், நீங்கள் சொல்லிவிட்டீர்களே. வேலையையும் விட்டுவிட்டேன். அந்த இடத்துக்கு மறுநாளே ஒரு பெண் வந்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஒட்டின காகிதம் தொளதொளவென்று தொங்கியது. கரி இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் பிடித்துப் பிடித்து இழுத்துக் காயவைத்தேன். அதன்மேல் பூச, கார் பெயிண்ட் அடிக்கிற மருதையன் பட்டறையிலிருந்து லாக்கர் என்கிற வார்னிஷ் வாங்கி வந்தேன். அந்த வாடைக்கு நாலு நாள் வாந்தி. பக்கத்து வீட்டில் விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்கள். புருஷன் ஊரை விட்டுப் போய் இரண்டரை வருஷம், இவளுக்கு வாந்தியா என்று. இறக்கை செய்கிறேன் என்றும் சொல்ல முடியாது. அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நுனி இரண்டும் நாலு மில்லிமீட்டர்தான். மூன்று தடவை அளந்துவிட்டேன். ஈஸ்டர் ஏப்ரல் பத்தாம் தேதி வருகிறது.

உங்கள் அன்பு மனைவி
அமலராணி


கிரெனோபிள்
14 ஜூன் 1977

என் அருமை ராணிக்கு,

பறந்துவிட்டது. மலைக்காற்றில் நாற்பது நிமிஷம் அப்படியே மிதந்தது. கிளப்பில் எல்லோரும் இறக்கையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். உன் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும்.

ஈஸ்டருக்குள் முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் பேப்பர் நகர இப்போது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. என் ஞானஸ்நானப் பத்திரம் புதிதாக எடுத்தது வேண்டும். கோயிலில் வாங்கி உடனே அனுப்பு. பெயர், தேதி, பெற்றோர் இவை இருந்தால் போதும். ஓரத்தில் எழுதியிருப்பதெல்லாம் வேண்டாம் என்று உபதேசியாரிடம் சொல். இங்கே அதைப் பார்த்தால் குழம்புவார்கள்.

என்றும் உன்
சந்தனசாமி


காரைக்கால்
11 ஜூலை 1977

அத்தானுக்கு,

கோயிலுக்குப் போனேன். உபதேசியார் யாகப்பன் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து உங்கள் பக்கத்தைத் திருப்பினார். உங்கள் பெயருக்கு நேரே ஓரத்தில், 1974 ஏப்ரல் 29, அமலராணியோடு விவாகம் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஓரம் வேண்டாமாம் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"கல்யாணம் ஆனா இதுல ஓரத்துல எழுதிப்புடுவோம்மா. எந்த ஊருக்குப் போனாலும் கோயில்ல கல்யாணம் கட்ட இந்தப் பத்திரம் கேப்பாங்க. ஓரம் வேணாம்னு கேக்குறவன் ரெண்டாந்தாரம் கட்டப் போறவன்தான்" என்றார். சிரித்து முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "யாருக்கும்மா கேக்குறீங்க?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். பத்திரம் எதற்கு?

அமலராணி


கிரெனோபிள்
20 ஆகஸ்ட் 1977

ராணிக்கு,

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். முதலாளியின் மகளுக்கும் எனக்கும் மே மாதம் இங்குள்ள மேரியில் பதிவாகிவிட்டது. அவளுடைய அம்மாவுக்குக் கோயில் கல்யாணமும் வேண்டுமாம். அக்டோபர் பதினைந்து என்று தேதி வைத்தாயிற்று. இந்த மாதிரி விரல் உள்ளவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று அவள் இறக்கையைப் பார்த்துத்தான் சொன்னாள். அப்படிப் பார்த்தால் நீதான் எனக்கு இந்த வாழ்வைக் கொடுத்தாய். அதை மறக்க மாட்டேன்.

நம்முடையது எட்டு நாள். எந்த ஆபீசிலும் இல்லாத கல்யாணம். அதற்காக என் ஆயுசைக் கெடுப்பாயா? முழுப் பத்திரம்தான் கொடுப்பார்கள் என்றால் வாங்கி, ஓரத்தைக் கத்தரித்து அனுப்பு. முரண்டு பிடித்தால், ஊரில் உன்னைப் பற்றி விரல் விட்டு எண்ணினார்கள் என்று நீயே எழுதின கடிதம் என்னிடம் இருக்கிறது. அதைப் பங்குச் சாமியாருக்கு அனுப்பிவைப்பேன்.

இன்னொன்று. போன ஞாயிறு வலது நுனித் துண்டு பாறையில் மோதி உடைந்துவிட்டது. எப்போது ஒட்டப் போகிறாய் என்று அப்பாவும் மகளும் தினமும் கேட்கிறார்கள். காகிதத்தை எப்படிப் பிரிப்பது, புது விலாவை எப்படி வைப்பது, நுனியில் அந்த நாலு மில்லிமீட்டரைத் திரும்ப எப்படிக் கொண்டுவருவது என்று வரிசையாக எழுதி அனுப்பு. அவசரம்.

சந்தனசாமி


காரைக்கால்
9 செப்டம்பர் 1977

அத்தானுக்கு,

நேற்று மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்விட்டு வந்தேன். உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டேன். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பத்திரத்தை நம் சாமியாரே எழுதி, பிரெஞ்சிலும் ஒரு நகல் எழுதி, கிரெனோபிளில் சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் வீட்டுக்கு ரிஜிஸ்தர் தபாலில் நேரே அனுப்பிவிட்டார். முழுப் பத்திரம்தான், ஓரத்தோடு. இதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

என் கடிதத்தைச் சாமியாருக்கு அனுப்புவேன் என்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள், உங்கள் மாமனாருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நான் ஏன் வாந்தி எடுத்தேன் என்று எழுதின அதே பக்கத்தில், அந்த இறக்கையை யார் செய்தது என்றும் எழுதியிருக்கிறது. உங்கள் மனைவி என்று அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதற்குத் தேதியும் இருக்கிறது.

உடைந்த துண்டை ஒட்டுவது பெரிய வேலை இல்லை. எனக்கு ஒரு நாள் போதும். எப்படி என்று எழுத மாட்டேன். அப்பாவையும் மகளையும் எதிரே உட்காரவைத்து நீங்களே ஒட்டிக் காட்டுங்கள்.

கோயிலில் இன்னொருத்தியைக் கட்ட வேண்டுமானால் நான் சாக வேண்டும் என்று சாமியார் சொன்னார். எனக்கு இருபத்தேழு வயது. போன வாரம் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டிக்கொண்டேன். சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, நெஞ்சு சுத்தம். எங்கள் வீட்டில் பெண்கள் எண்பதைத் தாண்டாமல் போனதில்லை. நீங்கள் இருக்கிறவரை நானும் வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் ரொம்ப நாள் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவி
அமலராணி