உன் அப்பா அளந்த முழம்

வெள்ளைத்துரை,

குரங்கணிக்குக் காப்பி காயும் களத்தைப் பார்க்கப் போகிறேன். மத்தியானம் படுதா தைத்த உக்கிரபாண்டி அண்ணன் வருவார். கருவாட்டுக் குழம்பு இருக்கிறது. அவரோடு உட்கார்ந்து சாப்பிடு.

நேற்று அவரிடம், "களத்தையே மூட மாட்டேங்குது, குடிச்சிட்டா தச்சீரு?" என்று கத்தினாய். "தங்கச்சி சொன்ன இருவது முழந்தான் மாப்ளே" என்றார். அது உண்மை.

முன்பெல்லாம் உன் அப்பா அண்ணன் கடைக்கே போய்த் தன் கையால் அளந்து கொடுப்பார். அவர் போன பிறகு நான் வாயால் மட்டும் சொன்னேன். அண்ணன் தன் குட்டைக் கையால் அளந்துவிட்டார். நேற்றே சொல்லியிருப்பேன். அழுகை வந்துவிடும் என்று பேசாமல் நின்றேன்.

மழைக்கு முன் ஒட்டுப்போட்டுத் தருகிறாராம்.

அம்மா

அவரிடம் முழக் கணக்குச் சொல்லாதே. அப்பாவின் கை நீளம் உனக்கு இருக்கிறது. நீயே அளந்து கொடு.