இரண்டு கட்சிக்கு ஒரு துண்டு

இங்கே தேர்தல் நாளென்றால் வாக்குச்சாவடிப் பள்ளி வாசலில், ரொட்டிக்குள் வைத்து விற்க வெங்காயம் வதக்குவார்கள். போன சனிக்கிழமை, இப்போது நான் குடியிருக்கும் நார்த்மீடில் வரிசையில் நின்றபோது அந்த வாசனை மூக்கில் ஏற, பக்கத்தில் நீங்கள் நிற்பதுபோல் இருந்தது. "முதலாளி, இது உங்கட வெங்காயமோ?" என்று கேட்டிருப்பீர்கள்.

எழுபதுகளின் நடுவில் மெல்பர்னில் நான் மிளகாயும் மல்லியும் விற்றேன். நீங்கள் யாழ்ப்பாணத்து வக்கீல். நல்ல சம்பளத்தை உதறிவிட்டு, எந்தக் கட்சியையும் சேராத ஓர் ஆய்வுக் குழுவில் போய் உட்கார்ந்திருந்தீர்கள். இந்த நாட்டு அரசியலமைப்பில் எதை மாற்றுவதானாலும் நாடு முழுக்க வாக்கெடுக்க வேண்டும்; இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து கேட்காவிட்டால் மக்கள் 'வேண்டாம்' என்றே போடுவார்கள். இரண்டையும் ஒரே வாசகத்துக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை. சரக்கே இல்லாத தரகு என்று கேலி செய்தேன்.

செனட் உறுப்பினர் ஒருவர் பதவிக்காலத்தில் இறந்தால், அவர் கட்சிக்காரரே அந்த இடத்துக்கு வர வேண்டும். அப்போது உங்கள் கையிலிருந்த விஷயம் இதுதான். நியாயம் யாருக்கும் புரியும். ஆனால் கட்சிக்கு ஒருவராக அழைத்துப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்காரவைத்தீர்கள். ஒவ்வொரு தடவையும் இருவரும் முன்னைவிட விறைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். குழுவை மூடிவிடலாமென்று அதற்குப் பணம் தந்தவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் கவலையோடுதான் ஒரு காலை என்னோடு சந்தைக்கு வந்தீர்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவரிடம் வற்றல் மூட்டைக்கு விலை பேசினேன். ஊர் மாட்டுச்சந்தை வழக்கப்படி கைகளின்மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேரம்.

"உள்ளுக்கை என்ன களவு செய்யிறியள்?"

"களவெல்லாம் இல்லீங்க வக்கீலே. பத்துப் பேர் பார்க்க இறங்கினா மானம் போச்சு. துண்டுக்குள்ள இறங்கினா யாருக்குத் தெரியும்?"

"பிறகு விலை வெளியில வராதோ?"

"படிஞ்ச விலை வரும். யார் எவ்வளவு இறங்கினாங்கறது வராது."

கார்க் கதவைத் திறக்கும்போது சொன்னீர்கள். "சட்டத்தை ஒளிச்சு எழுதேலாது. ஆனா மனம் மாறுறதுக்கு ஒரு மறைப்பு வேணும், என்ன?" நான் விலை பேசத்தான் கற்றிருந்தேன். அதில் இவ்வளவு இருக்கிறதென்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்து இருவரையும் தனித்தனியே போய்ப் பார்த்தீர்கள். எதிர்த்தரப்பு சொன்னதை இருவரிடமும் சொல்லவில்லை. எதுவரை வருவீர்கள், அது மட்டுமே கேள்வி. கடைசிக் கூட்டத்தில் பத்திரிகைக்காரர் எவரும் இல்லை. என் வீட்டு வடைக்கூடையோடு நான் ஓரத்தில் நின்றேன். ஒரே ஒரு வாசகத்தை வாசித்தீர்கள். இது இருவருடையதும்தான், எந்தச் சொல் யாருடையது என்று சொல்லமாட்டேன் என்றீர்கள். இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். மூத்தவர் திடீரென்று வெடித்துச் சிரித்து, "நீயும் இறங்கிவந்தாயா!" என்றார். வடை தீருமுன் கைகுலுக்கிவிட்டார்கள், மேசைக்கு மேலே, எல்லோரும் பார்க்க.

எழுபத்தேழில் வாக்கெடுப்பு வந்தது. எல்லா மாநிலங்களும் 'ஆம்' என்றன. மறுநாள் கடைக்குள் புயலாக நுழைந்து மல்லி மூட்டைமேல் ஏறி நின்றீர்கள். "வெண்டிட்டம் முதலாளி! ஒரு மாநிலமும் மிச்சமில்லை!" பருப்பு வாங்க வந்த அம்மாள் பையைப் போட்டுவிட்டு வாசலுக்கே போய்விட்டார்.

பத்திரிகைகளில் இரண்டு கட்சியும் தங்கள் வெற்றியென்று மார்தட்டியிருந்தன. "உங்க குழு பேரையே காணோமே!" என்று கொதித்தேன்.

"ரெண்டு பேரும் தங்கட எண்டு நினைக்கினம். அதுக்குத்தானே உழைச்சனாங்கள்!"

நீங்கள் கண்மூடிய பிறகு, இங்கே கோயில் குழு இரண்டாய்ப் பிளந்தது. நான் இரண்டு தலைவர்கள் வீட்டுக்கும் தனித்தனியே போனேன், ஒருவர் பேச்சை மற்றவரிடம் கொண்டுபோகாமல். இந்த வருடம் ஒரே தேரை எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். மேடையில் இரு தலைவர்களும் ஆளாளுக்குத் தன்னால்தான் இது நடந்தது என்று பேசினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, இரண்டு பேச்சுக்கும் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினேன்.