குண மதிப்பீட்டுத் தாளில் என்னைப் பொய்யுரைப்பவள் என்று ஒட்டியது குறித்து

அனுப்புநர்:
ஆ. ரோசம்மாள்,
க/பெ. ஆரோக்கியம்,
காலனித் தெரு, உறுவையாறு,
வில்லியனூர் கொம்யூன்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
ஊரகச் சிறார் காப்பக வாரியம்,
புதுச்சேரி.

பொருள்: குழந்தைகள் காப்பகப் பணியாளர் – குண மதிப்பீட்டுத் தேர்வு – என்னைப் பொய்யுரைக்கும் போக்குடையவள் எனக் குறித்துக் காப்பகச் சுவரில் ஒட்டியது – அக்குறிப்பை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மனு எழுதித் தருகிறவர் வில்லியனூரில் இருக்கிறார். அவரிடம் போகாமல் நானே எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். எழுத்து அழகாக இருக்காது. தாங்கள் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படிக்க வேண்டும்.

1. உறுவையாற்றில் தங்கள் வாரியம் நடத்தும் காப்பகத்தில் ஆறு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளராக இருக்கிறேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் காலையில் கொண்டுவந்து விடும் பிள்ளைகளைப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொள்வது, பால்பவுடர் கரைத்துக் கொடுப்பது, கஞ்சி காய்ச்சுவது, கழுவிவிடுவது, தூங்கவைப்பது ஆகியவை என் வேலை. இதுவரை என்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை. வந்திருந்தால் மேற்பார்வையாளர் கமலவேணி அம்மையார் சும்மா விட்டிருக்கமாட்டார் என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

2. தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்கப் போவதாகவும், அதற்கு முன் ஒவ்வொருவரின் குணத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்றும் இவ்வாண்டு உத்தரவு வந்தது. ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் ஒரு கூடத்தில் எங்களை உட்காரவைத்துக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த மனோதத்துவ நிபுணர் விளக்கம் சொன்னார். மனிதரின் சுபாவத்தைச் சில அடிப்படைக் குணங்களாகப் பிரித்துவிடலாமாம். கலகலப்பு, துணிவு, பொறுமை, சந்தேகம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொருவரிடமும் இவ்வளவு என்று இருக்குமாம், உயரமும் எடையும் போல. எங்கே போனாலும் அது பெரும்பாலும் மாறாதாம். ஆம், இல்லை என்று குறி போட்டால் போதும், அளவு தெரிந்துவிடும் என்றார். நல்ல மனிதர். எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் இந்த மனுவை எழுதுவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

3. சென்ற மாதம் முடிவு வந்தது. எதையும் மறைக்கக் கூடாது என்பது வாரியத்தின் கொள்கை என்று சொல்லி, கமலவேணி அம்மையார் அந்தத் தாளைக் காப்பக வாசல் சுவரில், பிள்ளைகளை விட வரும் தாய்மார் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் ஒட்டச் செய்தார். என் பெயருக்கு நேரே இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "கலகலப்பு மிகக் குறைவு. ஒதுங்கும் இயல்பு. பிறரைச் சந்தேகிக்கும் தன்மை அதிகம். பொய்யுரைக்கும் போக்கு மிக அதிகம். விடைகள் நம்பத்தக்கவை அல்ல. பரிந்துரைக்கப்படவில்லை."

ஐயா, என் விடைகள் நம்பத்தக்கவை அல்ல என்றால், அதே விடைகளை நம்பி நான் கலகலப்பில்லாதவள் என்று எப்படி எழுதினார்கள்? படித்தவர்கள் யாராவது எனக்கு விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

4. எந்தக் கேள்விக்கு என்ன குறி போட்டேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. "விருந்துகளில் உற்சாகமாகக் கலந்துகொள்வீர்களா?" என்று ஒரு கேள்வி. இல்லை என்று போட்டேன். ஊர்த் தெருவில் கல்யாணம் என்றால் நாங்கள் கொல்லைப்புறமாகப் போய்ப் பாத்திரத்தில் வாங்கி வருகிறவர்கள். அங்கே என்ன உற்சாகத்தை நான் காட்டுவது? "அறிமுகமில்லாதவர்களிடம் நீங்களே முதலில் பேசுவீர்களா?" என்று இன்னொன்று. பேசமாட்டேன். ஊர்த் தெரு ஆட்களிடம் நானே முதலில் பேசினால் மறுநாள் என் கணவருக்குக் கூலிவேலை இருக்காது. "பிறர் உங்களைக் கவனித்துக்கொண்டே இருப்பதாகத் தோன்றுகிறதா?" என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டேன். தோன்றவில்லை ஐயா, கவனித்தார்கள். காலனிப் பெண் காய்ச்சிய கஞ்சியை ஊர்ப் பிள்ளைகள் குடிப்பதா என்று முதல் வருஷம் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்து சன்னல் பக்கம் நின்றார்கள். அதற்குத் தங்கள் தாளில் சந்தேகப் புத்தி என்று பெயர்.

இதே நான் பிள்ளைகள் நடுவில் இருக்கும்போது வந்து பாருங்கள். பாட்டும் கூத்துமாகக் காப்பகத்தின் கூரை பறக்கும். கொஞ்சம் சத்தத்தைக் குறை என்று கமலவேணி அம்மையாரே இரண்டொரு முறை சொல்லியிருக்கிறார். அங்கே இருப்பவள் ரோசம்மாளா, ஊர்த் தெருவில் தலையைக் குனிந்து போகிறவள் ரோசம்மாளா? உயரம் எங்கே போனாலும் மாறாது என்றார் நிபுணர். எங்கள் உயரம் மாறும் ஐயா. மிராசுதார் வீட்டு வாசலில் நிற்கும்போது நாங்கள் எல்லோருமே கொஞ்சம் குள்ளம்தான்.

5. இனி பொய்க்கு வருகிறேன். கேள்விகளுக்கு நடுவே சில கேள்விகளை ஒளித்து வைத்திருந்தார்கள். எப்போதாவது பொய் சொன்னதுண்டா, புறம் பேசியதுண்டா, பிறர் பொருளை எடுத்ததுண்டா, பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்ததுண்டா என்பவை அவை. எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டேன். உலகத்தில் யாரும் இவற்றுக்கெல்லாம் இல்லை என்று சொல்ல முடியாது, அப்படிச் சொல்கிறவர் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளப் பார்க்கிறார் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் தப்பு சொல்லமாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு அது பொருந்தும்.

ஆனால் தேர்வு வைத்தது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவிலிருந்து போன மூவரும் சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்து, ஞாயிறு காலைப் பூசையில் நன்மை அப்பத்தை நாக்கில் வாங்கி, கோயிலிலிருந்து நேரே அந்தக் கூடத்துக்குப் போனவர்கள். நான் பொய் சொல்லியிருக்கிறேன். புறம் பேசியிருக்கிறேன். பிள்ளைகள்மேல் எரிந்தும் விழுந்திருக்கிறேன். அதையெல்லாம் முதல் நாள்தான் சாமியாரிடம் முழங்காலிட்டுச் சொன்னேன். மன்னிப்புக் கிடைத்த பாவம் இல்லாத பாவம், அதை மறுபடி எடுத்துப் பேசுவது ஆண்டவர் மன்னித்ததை நம்பாததற்குச் சமம் என்றுதான் சிறு வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். நன்மை வாங்கிய நாக்கு காய்வதற்குள் எப்படி ஐயா ஆம் என்று போடுவது? எங்கள் மூவருக்கும் அது ஒரே மாதிரிதான் பட்டது. மூவருமே தங்கள் தாளில் பொய்யுரைப்பவர்கள். அன்று பூசைக்குப் போகாமல் வந்தவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள். கேள்வியை நாங்கள் தப்பாக எடுத்துக்கொண்டோம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு, பொய் என்று பெயரில்லை.

6. நிரந்தரப் பணி கிடைக்காததற்காக மட்டும் என்றால் இந்த மனுவை எழுதியிருக்கமாட்டேன். கிடைக்காமல் போவது எங்களுக்குப் பழக்கம்தான். அந்தத் தாள் ஒட்டிய மறுவாரம், மணியம்மாள் என்பவர் தம் மகன் செல்லக்கண்ணுவைக் கூட்டிப்போக வந்தவர், எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்: "இன்னா ரோசம்மா, நீ பொய்க்காரின்னு கவர்மென்ட்டே எழுதி ஒட்டிட்டாங்களாமே? அப்போ எம்புள்ள பால்ல தண்ணி ஊத்தி மாவ வூட்டுக்கு எடுத்துனு போறேன்னு சொல்றதும் நெசந்தானா?"

யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, சுவர் சொல்கிறது என்றார். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பிள்ளை என் மடியில்தான் தூங்கும். மறுநாள் முதல் மணியம்மாள் அவனைக் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. நடவு வயலுக்கே தூக்கிப்போய் வரப்பில் உட்காரவைத்தார். சென்ற வெள்ளிக்கிழமை அவன் வாய்க்காலில் விழுந்துவிட்டான். பக்கத்தில் நாற்று பறித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்து இழுத்துப் போட்டதால் பிழைத்தான். காய்ச்சலில் கிடக்கிறான். நான் பார்க்கப் போனேன், உள்ளே விடவில்லை. மணியம்மாளைக் குறை சொல்லமாட்டேன். பெற்றவள் வேறு என்ன செய்வாள்? அச்சடித்து முத்திரை போட்டிருந்ததை நம்பினாள். இப்போது காப்பகத்தில் பாதிப் பாய் காலியாகக் கிடக்கிறது.

7. கமலவேணி அம்மையாரிடம் முறையிட்டேன். வேண்டுமானால் அடுத்த மாதம் மறுதேர்வு எழுதலாம் என்றார். வாரிய அலுவலகக் குமாஸ்தா சுப்புராயன் நல்ல மனத்தோடு எனக்கு வழியும் சொல்லிக் கொடுத்தார்: "விருந்துக்குப் போவேன், எல்லார்கிட்டயும் கலகலன்னு பேசுவேன்னு போட்டுடும்மா. நடுவுல நாலு கேள்விக்கு மட்டும் ஆமா, பொய் சொல்லியிருக்கேன்னு ஒத்துக்கோ. நீ நேர்மையானவன்னு தானா வந்துடும்."

அப்படி எழுதினால் தேறிவிடுவேன் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான் உண்மையிலேயே பொய்யுரைப்பவள் ஆவது அன்றைக்குத்தான். அதன் பிறகு எந்த முகத்தோடு அந்தப் பிள்ளைகளுக்குப் பால் கரைப்பேன்? ஆகவே மறுதேர்வு எழுதமாட்டேன். இதைத் திமிர் என்றோ வேறு எந்தக் குணம் என்றோ குறித்துக்கொள்ளலாம்.

8. தங்களிடம் நான் கேட்பது நிரந்தரப் பணி அல்ல. அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். பொய்யுரைக்கும் போக்கு என்ற குறிப்பை நீக்கி, அது நீக்கப்பட்டது என்று அதே அளவுத் தாளில், அதே முத்திரையுடன், அதே சுவரில் ஒட்ட உத்தரவிட வேண்டுகிறேன். அதற்கு முன் என்னைப் பற்றித் தெரிய வேண்டுமானால் தாங்களோ அந்த நிபுணரோ முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் காப்பகத்துக்கு வாருங்கள். பால்மாவு டப்பாவைத் திறந்து பாருங்கள். இருக்கிற பிள்ளைகளின் எடையைப் பாருங்கள். அதை அளக்கக் கருவி உண்டு. நடவு முடிவதற்குள் வரவேண்டும் ஐயா. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் நிறைய ஓடுகிறது.

இப்படிப்பட்ட மனுவைத் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதி முடிப்பது முறை என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். தங்கள் வாரியம் அந்தத் தாளை மாற்றி ஒட்டும் வரை அந்தச் சொல்லை என் பெயருக்கு மேலே எழுத எனக்கு அனுமதி இல்லை. அதனால் பெயரை மட்டும் எழுதுகிறேன்.

இடம்: உறுவையாறு
நாள்: 9-10-1978

ரோசம்மாள்