ஓசூர் போர்டு

22-1-1968, திங்கள்

காலையில் முதலாளி எங்கள் எல்லோரையும் பஸ் ஷெட்டில் நிற்க வைத்துப் பேசினார். இப்போது ஓடுவது மூன்று பஸ். அடுத்த பொங்கலுக்குள் பன்னிரண்டு ஆகிவிடுமாம். முதலில் தருமபுரியிலிருந்து ஓசூருக்கு. அதில் டிரைவர் பாஷா பாய், கண்டக்டர் நான். பெர்மிட் இன்னும் வரவில்லை. ஆனால் போர்டு எழுத பெயிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது.

அவர் தலை மறைந்ததும் பாஷா பாய் பீடியைப் பற்றவைத்தார். "ரெண்டு வருசம் முன்னாடி சேலம் போர்டு எழுதுனாங்களே, அது இன்னைக்கு எங்க வூட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவா இருக்குது. இதையும் கேட்டு வாங்கிக் குடுங்கப்பா. இன்னொரு கூண்டு கட்டணும்." எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். இருக்கிற மூன்றில் ஒன்றைத் தினமும் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். இதில் பன்னிரண்டாம்.

மத்தியானம் பெயிண்டர் வந்தார். தருமபுரி, ஓசூர் என்று எழுதிவிட்டு, "வழி எந்த ஊரு போடணுங்க? முதலாளி ஒண்ணும் சொல்லலியே" என்று என்னைக் கேட்டார். ஷெட்டில் வேறு யாரும் இல்லை.

சரோஜா ராயக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போய் ஏழு மாதம் ஆகிறது. கட்டிய பெண்டாட்டியை மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்க்கிறேன். போன தடவை பஸ் ஏற்றிவிட வந்தவள், பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள்.

"ராயக்கோட்டைன்னு போடுங்க" என்றேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொன்னேன்.

பெர்மிட் வராது. எனக்கும் தெரியும். ஆனால் இந்தப் போர்டைப் பாஷா பாய்க்குக் கொடுக்க மாட்டேன்.