ஒன்பது குடித்தனத்தின் ஓட்டு

நேற்று தி.நகரில் எடுத்த புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வாங்கி வந்தேன். பிரித்ததும் புதுத் துணியின் கஞ்சி வாசனை வந்தது; கூடவே நீ வந்தாய். மந்தைவெளி வீட்டில், குழாயடிக்குப் பக்கத்துப் போர்ஷனில், கடைக்காரர்கள் கொடுத்தனுப்பிய புடவைகள் மடியில் குவிந்திருக்க, ஊசியைப் பல்லில் கடித்தபடியே பேசுவாயே, அப்படியே. நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. நான் எளிதில் கலங்குகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நேற்றும் கலங்கவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

ஒரே வாசலுக்குள் ஒன்பது குடித்தனம். மாடி அறையில் நான் ஒருத்தி, கீழே நீங்கள் எட்டுக் குடும்பம். கொஞ்சம் மழை பெய்தாலும் பின்பக்கக் கழிவுக் குழாய் எதிர்த்துக்கொள்ளும், முற்றமெல்லாம் சாக்கடை. அந்த வருடம் உன் மகள் மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. முன்கட்டில் இருந்த வீட்டுக்கார மாமாவைக் கேட்டால், "தெருக் குழாய் அடைச்சிண்டா நான் என்ன பண்றது?" என்பார். மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டால் வீட்டுக்காரர் வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்பார்கள். நாம் நடுவில், புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு.

பல வருடங்களாக நடக்காமலிருந்த மாநகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தபோதுதான் நீ மாடியேறி வந்தாய். "அக்கா, இந்த வூட்ல ஒருத்தர் பேரும் லிஸ்ட்ல இல்லியாமே?"

இல்லைதான். குடிவரும்போதே மாமா போடும் முதல் நிபந்தனை அது. இந்த விலாசத்தில் ஓட்டும் கூடாது, ரேஷன் கார்டும் கூடாது. பெயர் ஏறிவிட்டால் குடியிருப்பவர் கிளம்பமாட்டார் என்பது அவருடைய பயம். நம் பெயர்களெல்லாம் பழைய வீடுகளிலும் சொந்த ஊர்களிலும் கிடந்தன.

"பேரைச் சேர்த்துவிட்டால் சாக்கடை தானாக இறங்கிவிடுமா?" என்று கேட்டேன். எனக்கு எதிலும் முதலில் சந்தேகம்தான்.

"எறங்குமோ எறங்காதோ. ஆனா ஓட்டு இருந்தா அவன் இந்த வாசல்ல வந்து நிப்பான்க்கா. வந்து நின்னா நாத்தம் அவன் மூக்குலயும் ஏறும்ல?"

நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. படிவங்களை வாங்கி வந்தேன்.

நீ வீடு வீடாகப் போய் உட்கார்ந்தாய். கை தைத்துக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும். எதிர்ப் போர்ஷன் ஆட்டோக்காரர்தான் லேசில் மசியவில்லை. "காலி பண்ணுன்னு சொல்ட்டார்னா இன்னா பண்றது? உன் வூட்லயா வந்து படுக்கறது?"

"வந்து படு நைனா. எங்கூட்டுக்காரர் உடற கொறட்டைக்கு நீயே எந்திரிச்சி ஓடிப்பூடுவ."

அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டாய். ஆனாலும் அன்று படியிறங்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாய்: "நெசமாவே தொரத்திட்டார்னா, எட்டுக் குடும்பத்தையும் நான்தான தெருவுல வுட்டதா ஆவும்?"

படிவங்களைச் சரிபார்க்க அதிகாரி வந்த நாளை எப்படி மறப்பேன்! மாமா வெளியே போயிருந்தார். கையில் பேரேடும் பேனாவுமாக ஒருவர் வாசலில் நின்றதும், மாமி அவரைச் சொத்து வரிக்காரர் என்று நினைத்துவிட்டாள். வாடகைக்கு விட்டால் வரி கூடும் என்று, முழு வீட்டிலும் சொந்தக் குடும்பமே இருப்பதாக மாமா எழுதிக் கொடுத்திருந்தார். அது நமக்கும் அன்றுதான் தெரிந்தது.

"பின்னாடியெல்லாம் யாரும்மா இருக்காங்க?"

"எல்லாரும் எங்க மனுஷாதான். வாடகையெல்லாம் கிடையவே கிடையாது."

"நிரந்தரமா இங்கதானா?"

"ஆமாம். இத்தனை வருஷமா இருக்கா, இனிமே எங்க போகப் போறா?"

அவர் படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். குழாயடியில் நீ முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாய். மாலையில் மாமாவுக்கு விஷயம் தெரிந்தது. முன்கட்டில் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது, பிறகு ஓய்ந்தது. வரிக்கு எழுதிக் கொடுத்த பொய்யை வைத்துக்கொண்டு அவரால் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? மறுநாள் காலையில் நீ முற்றத்தில் நின்று, "அத்தே, தண்ணி வந்துடுச்சி! கொடம் எடுத்துக்கினு வாங்க!" என்று கூப்பிட்டாய். மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை.

பெயர் ஏறியதும் நீ சொன்னபடியே ஆயிற்று. ஒரே வாசலில் முப்பதுக்குச் சற்றுக் குறைவான ஓட்டு என்றால் எந்த வேட்பாளர் தாண்டிப் போவார்? வந்தவர்களையெல்லாம், "முன்னாடி நின்னா காது கேக்காது, உள்ள வாங்கண்ணே" என்று பின்கட்டுவரை அழைத்துப்போனாய். முந்தின நாள் நல்ல மழை. வெள்ளை வேட்டிகள் அங்குலம் அங்குலமாக உயர்ந்தன.

ஓட்டுப் போட எல்லோரும் சேர்ந்தே போனோம். ஆட்டோக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். வரிசையில் உனக்குப் பின்னால் நின்றபோதுதான் சொன்னேன்: அரசியல் பாடத்தில் எம்.ஏ. படித்த நான் அதுவரை ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. வருடத்துக்கொரு வீடு மாறியதில் பெயரைத் தேடவே இல்லை. நீ திரும்பிப் பார்த்து, "அய்ய, இத்த போய் அத்தினி பேர் முன்னாடி சொல்லிக்கினு! வா, மையி வெக்க வெரல நீட்டு" என்றாய்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பது குடித்தனத்துக்கும் கழிவறை அதே ஒன்றுதான். ஆனால் ஜெயித்தவர் ஆளனுப்பினார், தெருக் குழாயைத் தோண்டி மாற்றினார்கள். அடுத்த மழைக்கு முற்றத்தில் மழைத் தண்ணீர் மட்டுமே நின்றது. உன் மகள் அதில் கப்பல் விட்டாள்.

இப்போது நங்கநல்லூரில் இருக்கிறேன், வாடகைக்குத்தான். போன வாரம் கீழ்வீட்டில் ஒரு குடும்பம் பால் காய்ச்சிக் குடிவந்தது. வலியப் போய்ப் பேசும் பழக்கம் எனக்கு என்றும் இருந்ததில்லை. இருந்தாலும் பெயர் சேர்க்கும் படிவத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பெண் தயங்கினாள். "வீட்டுக்காரங்க எதுனா சொல்லப் போறாங்க மேடம். அதுவுமில்லாம, போட்டு என்னா ஆவப்போவுது?"

உன்னைப்போலப் பேச எனக்கு வராது. பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். பேனா மூடியைத் திறந்து, "முதல்ல உன் பேரைச் சொல்லும்மா" என்றேன்.