பால்சட்டை என்று முதலில் எழுதியவன்

அன்பு மகள் வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்காமல் கடிதத்தை ஆரம்பிக்கத் தெரியவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும். மூன்று வாரமாக நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய், அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டதும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். மாதக் கடைசியில் வேலையை விடப் போவதாகவும், இனிமேல் பென்சிலையே தொடுவதில்லை என்றும் அவளிடம் சொன்னாயாம். நீ அந்த ராஜினாமாவைக் கொடுப்பதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் பல் கட்டும் பட்டறைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே எழுதி அனுப்பலாமே என்பாய். போனில் எழுதுகிற இந்தக் கட்டை விரலை இப்போது நான் நம்புவதில்லை.

அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது, இப்போது தூரத்தில் இருப்பதெல்லாம் நன்றாகத் தெரிகிறது, அதனால் எதிர்வீட்டு மொட்டைமாடியில் யார் துணி சரியாகப் பிழியவில்லை என்பதுவரை எனக்குச் சேதி வந்துவிடுகிறது. மாடிப்படி விளக்கு மறுபடியும் போய்விட்டது. பட்டறையில் மெருகு போடும் மோட்டாரை மாற்றிவிட்டார்கள், புதுசு சத்தமே போடுவதில்லை, சத்தம் இல்லாததால் மற்றவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழுகிறது. அதுதான் பெரிய தொல்லை. ஏனென்றால் ஒரு மாதமாக எவன் வாயைத் திறந்தாலும் கழுதைப் பேச்சுதான்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது நம் வீட்டு டிவியில் மறுபடியும் போட்டார்களே ஒரு பழைய கார்ட்டூன், அதில் வந்த அதே டொக்குக் கழுதை, தபால் பையை மாட்டிக்கொண்டு எல்லாக் கடிதத்தையும் தப்பான வீட்டில் போட்டுவிட்டு, முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தைக் காட்டிச் சிரிக்குமே, அதைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்து முன்னோட்டம் விட்டார்கள் அல்லவா, அன்றிலிருந்து ஊருக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. எங்கள் பல் டாக்டர், பட்டறைக்கே முதலாளி, ஐம்பதைத் தொட்டவர், நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு "என் சின்ன வயசையே கொன்னுட்டானுங்க" என்று அவரிடம் புலம்புகிறார். கொன்றுவிட்டார்களாம்! அந்தச் சின்ன வயசு போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகிறது, இவர் இப்போதுதான் துக்கம் விசாரிக்கப் புறப்பட்டிருக்கிறார். நான் முடிவெட்டிக்கொள்ளும் கடைக்காரர் ஒரு கையில் கத்தரியும் ஒரு கையில் போனுமாக நின்று கமெண்டுகளை வாசித்துக் காட்டுகிறார், என் காது தப்பியது தம்பிரான் புண்ணியம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று ஒருவன் எழுதினால் அடுத்து நூறு பேர் அதையே ஏதோ தாங்களே கண்டுபிடித்ததுபோல எழுதுகிறார்கள்.

அதோடு நின்றிருந்தால் போகிறது, வேலையற்றவர்கள் என்று விட்டுவிடலாம். இதை வரைந்தவன் கையை அரவை இயந்திரத்தில் விட வேண்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான். யார் என்று அவன் படத்தைத் தொட்டுப் பார்த்தேன், தோளில் பச்சைக் குழந்தையைப் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். இன்னொருவன் அந்தக் கழுதை முகத்தைக் கரண்டியால் வழித்தெடுத்துச் சாக்கடையில் வீசுவதுபோல ஒரு படம் செய்து போட்டிருந்தான். சீழ் வடிகிற ஈறையும் அழுகிய வேரையும் பார்த்து முகம் சுளிக்காதவன் நான், இந்த மனுஷர்களைப் படிக்கும்போது கையைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது. பிடித்த கழுதைக்குப் பல் வரிசை மாறிவிட்டது, அதற்கு இவ்வளவு விஷமா? சோறு தின்கிற வாயா இது?

இப்படியெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம், எழுத எழுத எனக்குச் சுகமாகக்கூட இருக்கிறது, அடுத்தவன் அழுக்கைப் பேசினால் யாருக்குத்தான் சுகமாக இருக்காது. ஆனால் நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி இல்லை. உனக்குத் தெரியும். பால்சட்டை என்று அந்த முன்னோட்டத்தின் கீழே முதலில் எழுதியவன் நான்தான்.

உனக்கு நான்கு வயது இருக்கும்போது அம்மா பாலாடை என்று சொன்னதைக் கேட்டு, ஆடை என்றால் சட்டைதானே என்று நீயாகக் கணக்குப் போட்டு "பால் சட்டை போட்டுக்கிச்சு, எனக்கு வேணாம்" என்று டம்ளரைத் தள்ளிவிட்டு அழுதாய். அன்றிலிருந்து நம் வீட்டில் வழவழவென்று அருவருப்பாக இருக்கிற எல்லாமே பால்சட்டைதான், சளி பால்சட்டை, நனைந்த ரொட்டி பால்சட்டை, உன் மாமா சிரிப்பு பால்சட்டை. இந்தச் சொல் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்த மூன்று பேரில் ஒருவன் ஒரு மதியம் சாப்பாட்டு வேளையில், பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றரை நிமிஷப் படத்தைப் பாதிப் பார்வையாகப் பார்த்துவிட்டு, உண்மை ரசிகன் என்று ஒரு பொய்ப் பெயரில் எழுதினான்: "மூஞ்சி முழுக்கப் பால்சட்டை படிஞ்ச மாதிரி இருக்கு, பல்லெல்லாம் குளியலறைச் சுவர் மாதிரி இருக்கு, இதைச் செஞ்சவங்களுக்குக் கண்ணு பொட்டையா?" பல் வரிசை ஒழுங்காக இருந்தால் அது பல்லே இல்லை என்று முப்பது வருஷமாகச் சொல்லிப் பொய்ப்பல் கட்டுகிறவன் அல்லவா, எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் அது பரவிவிட்டது. மறுநாள் முடிவெட்டும் கடைக்காரர் "யாரோ ஒரு மகராசன் எழுதியிருக்கான் பாருங்க சார், பால்சட்டையாம், என்னா வார்த்தை!" என்று எனக்கே வாசித்துக் காட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். பெருமையாக இருந்தது வாண்டு. அதை மறைக்க மாட்டேன், இந்த அறுபது வயதில் முன்பின் தெரியாதவர்கள் என் பேச்சுக்குச் சிரிப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வாரத்தில் எல்லோரும் அந்தக் கழுதைக்குப் பால்சட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள், ஒரு கடையில் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள், பால்சட்டை என்று எழுதின சட்டை, இதைவிடக் கேவலம் உண்டா.

பிறகுதான் அந்தப் போட்டோ வந்தது. படம் செய்தவர்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கிற போட்டோவை எங்கிருந்தோ தேடி எடுத்து, ஒவ்வொருவர் முகத்தின் மேலும் பால்சட்டை என்று ஒட்டிப் பரப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரி போனில் அதைக் காட்டிச் சிரித்திருக்கிறாள். அம்மா சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு காலில் பாரம் போட்டு, இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணை முகம் தெரியாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதுக் கண்ணாடியாக இருக்கலாம், பெற்ற வயிறாகவும் இருக்கலாம். உடனே உன்னைக் கூப்பிட்டாள், நீ "ஆமாம்மா, அந்த மூஞ்சி நான் செஞ்சதுதான், எட்டு மாசம்" என்றாய். வெளியில் சொல்லக் கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். அம்மா வந்து என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டு, "நம்ம வீட்டு வார்த்தை அவனுங்க வாய்க்கு எப்படிங்க போச்சு?" என்று கேட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்புகிறவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அது எங்கே விழும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது.

போன வருஷம் நீ என்னைக் கூப்பிட்டு, "அப்பா, சந்துப்பல் இருக்கறவங்க சிரிச்சா கீழுதடு எங்க போய் நிக்கும்?" என்று கேட்டாயே, நான் பட்டறையில் இருந்த பல் அச்சுகளையெல்லாம் போட்டோ எடுத்து, உதடு நிற்கும் இடத்தையும் சொல்லி அனுப்பினேனே, ஏதோ பற்பசை விளம்பரம் என்று நினைத்துவிட்டேன், எவ்வளவு பெரிய மண்டு உன் அப்பா. போன வாரம் பட்டறைக் கம்ப்யூட்டரில் அந்த முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முன்பல் நடுவில் இருந்த சந்தை மூடிவிட்டார்கள், அது உன் வேலை இல்லை, மேலே இருக்கிறவர்கள் சொன்னதாம், நீ அதற்காகச் சண்டை போட்டாயாம், அம்மா சொன்னாள். ஆனால் அது கடிதத்தைத் தப்பான வீட்டில் போட்டுவிட்டுத் திரும்புகிற இடத்தில் ஒரு சிரிப்பு வருகிறது, அங்கே கீழுதடு நான் சொன்ன இடத்தில்தான் வந்து நிற்கிறது, கொஞ்சம் இடப்பக்கம் ஏறி. அச்சு அசல். முப்பது வருஷமாக வாய் பார்க்கிறவனுக்குத் தெரியும், அது பார்த்துச் செய்தது, ஏனோதானோ என்று செய்ததில்லை. கண்கள் எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை, எப்போதும் அழுதுவிடுவதுபோல ஈரமாக இருக்கின்றன, பொய் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். பிடிக்கவில்லை என்று உனக்குப் போன் செய்து சொல்லியிருந்தால் நீ என்னோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பாய், அது நியாயம். நான் செய்தது அது இல்லை.

எழுதினதை அழித்துவிட்டேன். அழித்து என்ன, ஊர்வாயை மூட உலைமூடி ஏது, என்னைப்போலவே எழுதியவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான்தான் அந்த ஆள், அது என் மகள் செய்த முகம், வாயை மூடுங்கள் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் அவ்வளவு பேரும் உன்னைத் தேடிக்கொண்டு வருவார்கள், அதனால் விட்டுவிட்டேன். இன்று காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை, "முதல்ல அவளுக்கு எழுதுங்க, அப்புறமா என்கிட்ட பேசலாம்" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். இன்னும் இறங்கி வரவில்லை.

அழிப்பதற்கு முன்னால் எனக்கு வந்த பதில்களை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். ஒருவர் மட்டும் சிரிக்காமல், திட்டாமல், படம் கிடம் எதுவும் வைக்காமல் கேட்டிருந்தார்: "எந்த இடத்துல உறுத்துதுன்னு சொல்லுங்க சார், சரி பண்ணிடலாம்." பொய்ப்பல் மாட்டிக்கொண்டு வலிக்கிறது என்று வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்கிற வாக்கியம் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டறை மேஜையடியில் உட்கார்ந்து வரைந்துகொண்டே நீ கேட்டு வளர்ந்த வாக்கியம். பால்சட்டை என்ற வார்த்தையைப் பார்த்த பிறகு எழுதியது யார் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறாய், பெற்ற அப்பனைச் சார் என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாய். அதற்கு நான், ஒரு கையில் டீயோடு, எழுதியிருந்த பதில் இது: "இதெல்லாம் ஒரு வேலையான்னு உன்னைப் பெத்தவங்களைப் போய்க் கேளு."

நீ கேட்கவில்லை. கேட்க மனம் வராமல் என் போனை எடுக்காமலே இருந்துவிட்டாய். கேட்காமலே சொல்கிறேன், வேலைதான் வாண்டு. நல்ல வேலை. உன் கை அலுத்துவிட்டது, போதும் என்று நீயே நினைத்தால் விட்டுவிட்டு வா, வண்டி நிற்கிற இடத்தில் நானே வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்கிறேன். பெற்றவன் சொன்னான் என்று விடாதே. அவன் பார்க்காமல் சொன்னான்.

ஆண்டவன் உன் கையையும் கண்ணையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, அந்தக் கமெண்டுகளைத் திறந்து பார்க்காதே, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். அடுத்த தடவை அம்மா போனில் அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டால் கொடு என்று சொல். பேச வேண்டாம், திட்டு. நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அப்பா